மிச்சம் 89 ரூபாய்

கல்விக்கடன் என்றாலே எல்லோருக்கும் இன்ஜினியரிங்தான் ஞாபகம் வரும். நாலு வருடம் படிப்பு, கேம்பஸ் இன்டர்வியூ, வேலை கிடைத்தால் பையன் கட்டுவான், கிடைக்காவிட்டால் அப்பா கட்டுவார். இந்தக் கதை பழகிப்போன கதை. ஆனால் பொது சுகாதாரம் படிக்க ஆறு லட்சம் கடன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். முதலில் அது என்ன படிப்பு என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. "தெருவுல மருந்து அடிப்பாங்களே, அதுவா?" என்று கேட்பார்கள். (அதுவும்தான்!)

புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெண் போன நாலைந்து மாதமாக இந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறாள். பெயர் வேண்டாம். பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்தவள். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறாள். ஆசைப்படுவது எம்.பி.எச்., அதாவது பொது சுகாதாரத்தில் முதுகலை. சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 6 லட்சம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் இந்த ஆசை? வார்டில் வாந்தி பேதியோடு வருகிற குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். பத்து நாள் கழித்து அதே தெருவிலிருந்து இன்னொரு குழந்தை வருகிறது. "இந்தத் தெருவுல என்ன தண்ணி குடிக்கிறாங்கன்னு யாரு போய்ப் பாக்குறது?" என்று அவள் ஒரு நாள் கேட்டாளாம். வார்டில் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் பொது சுகாதாரம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் என்ன நடந்தது? குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மருத்துவமனையில் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. அதன்பிறகுதான் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மனிதக் கழிவு கலந்திருந்தது. அதன் பின்னால் வந்த வழக்கும் அரசியலும் வேறு விஷயம். ஆனால் 'நோய் எங்கிருந்து வருகிறது' என்று யாரோ ஒருவர் கேட்கவேண்டியிருந்தது இல்லையா? அந்த 'யாரோ ஒருவர்' ஆவதற்குத்தான் இந்தப் பெண் படிக்க ஆசைப்படுகிறாள்.

இதே புதுக்கோட்டையிலிருந்து 120 வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் கிளம்பினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். உதவித்தொகையும் கொடுத்தார். பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912-ல் டாக்டர் ஆனார். தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் செய்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. அவரைப் படிக்க வைக்கச் சமஸ்தானமே பணம் கொடுத்தது. கடனாகக் கொடுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எம்.பி.எச். படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

தமிழ்நாட்டுக்குப் பொது சுகாதாரத்தில் நல்ல பெயர். 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டம் வந்தது இங்கேதான் முதலில். மருத்துவமனைகளை நடத்துவதற்கு ஒரு துறை, நோய் வராமல் தடுப்பதற்குத் தனியாக ஒரு துறை என்று பிரித்து வைத்திருப்பதை மற்ற மாநிலங்கள் பார்த்துப் படிக்கவேண்டும் என்று உலக வங்கி ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சுகாதாரத் துறைக்கு ஒரு மாவட்டம்கூட இல்லை, இரண்டு: புதுக்கோட்டை ஒன்று, அறந்தாங்கி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி அதிகாரி.

அந்த அதிகாரி நாற்காலியில் உட்கார எம்.பி.எச். போதுமா? போதாது. எம்.பி.பி.எஸ். வேண்டும், அதற்கு மேல் பொது சுகாதாரப் பட்டயமோ எம்.டி.யோ வேண்டும். நர்ஸிங் படித்துவிட்டு எம்.பி.எச். முடித்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும்.

சரி, கீழ்ப்படி? கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர் போன்ற நிரந்தரப் பணிகள் உண்டு. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும், அகவிலைப்படி தனி. ஆனால் அந்த வேலைகளுக்கு எம்.பி.எச். யாரும் கேட்பதில்லை. அதற்கென்று தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ். எம்.பி.எச். இருக்கிறது என்பதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகவும் வராது.

ஆக மேல்படியும் நிரந்தரம், கீழ்ப்படியும் நிரந்தரம். எம்.பி.எச். காரர்கள் நிற்பது நடுப்படியில். அங்கே இருப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. தேசிய சுகாதார இயக்கத்தில் ஆலோசகர், ஆராய்ச்சித் திட்டங்களில் உதவியாளர், தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர், இப்படி. 11 மாத ஒப்பந்தம், பிறகு புதுப்பிப்பார்கள் அல்லது மாட்டார்கள். திட்டத்துக்கு நிதி நின்றால் வேலையும் நிற்கும். நன்றாக மேலே போனவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். டெல்லியிலும் ஜெனீவாவிலும் உட்கார்ந்திருக்கிற தமிழர்கள் உண்டு. ஆனால் கடன் கணக்கை அவர்களை வைத்துப் போடக்கூடாது. லாட்டரி அடித்தவனைப் பார்த்துவிட்டு வீட்டு பட்ஜெட் போடுகிற மாதிரி ஆகிவிடும்.

அவளுக்கு இரண்டு செட் மூத்தவர் ஒருவர் எம்.பி.எச். முடித்துவிட்டு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் இருக்கிறார். கையில் வாங்குவது 28,000. "ஸ்டார்ட்டிங் இவ்வளவுதான்மா, அப்புறம் ஏறும்" என்றார். எப்போது ஏறும் என்று கேட்டதற்கு, "புராஜெக்ட் மாறினா ஏறும்" என்றார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவும் மகளும் பேங்க்குக்குப் போனார்கள். மேனேஜர் நல்ல மனிதர், விரட்டாமல் உட்கார வைத்துப் பேசினார். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம், மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது என்றார். 2015-லிருந்து அப்படித்தான். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வட்டி மானியம் உண்டா சார்?" என்று அவள் கேட்டாள். 2009-ல் வந்த திட்டம் அது. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் வட்டியை அரசே கட்டிவிடும். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று நிபந்தனைகள் உண்டு.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நர்ஸிங்குக்கு லோன் வாங்கியிருந்தியாம்மா?" என்றார்.

"ஆமா சார். அது முடிச்சாச்சு."

"அதுலயே மானியம் வாங்கியாச்சும்மா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். டிகிரிக்கு வாங்கிட்டா பி.ஜி.க்குக் கிடையாது."

அந்த நர்ஸிங் லோனை முடித்த கதை தனி. அம்மாவின் நாலு பவுன் செயினை விற்று முடித்தார்கள். 'முடிச்சாச்சு' என்று அவள் ஒரே வார்த்தையில் சொன்னபோது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது கணக்கு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி, மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்!

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பேங்க்குக்குப் பேங்க் மாறும், கணக்குக்கு இது வசதி). முதல் வருடம் 3 லட்சம், இரண்டாம் வருடம் 3 லட்சம் என்று பணம் கல்லூரிக்குப் போகிறது. படிப்பு இரண்டு வருடம், அதற்குப் பிறகு ஒரு வருடம், ஆக மூன்று வருடம் தவணை கட்ட வேண்டாம். இதைத்தான் மாரட்டோரியம் என்கிறார்கள். கொரோனா சமயத்தில் எல்லோருக்கும் பழக்கமான வார்த்தை. கட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்களே தவிர, வட்டி ஓடாது என்று யாரும் சொல்வதில்லை. முதல் 3 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 90,000. அடுத்த 3 லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 60,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 6 லட்சம் இல்லை, 7.5 லட்சம்.

இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 9,911 ரூபாய். 120 மாதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 11,89,320 ரூபாய். ஏறக்குறைய இரட்டிப்பு. தவணை பெரிதாக இருக்கிறதே என்று 15 வருடமாக நீட்டினால் மாதம் 8,060 ஆகும். மாதத்துக்கு 1,851 ரூபாய் குறைகிறது, ஆனால் மொத்தம் 14.5 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே, 80ஈ பிரிவு? உண்டு. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வந்தால், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்! 28,000 வாங்குகிறவருக்கு அது கண்ணாடிக் கடையில் இருக்கிற அல்வா.

இப்போதுதான் முக்கியமான இடம். அவள் நர்ஸாகவே இருந்தால் மூன்று வருடத்தில் சம்பளம் எப்படியும் 18,000 ஆகும். எம்.பி.எச். முடித்து 28,000 வாங்கினால் கூடுதலாக வருவது 10,000. அதில் தவணை 9,911 போக மிச்சம்..

89 ரூபாய்.

மாதத்துக்கு 89 ரூபாய், பத்து வருடத்துக்கு! இந்தக் கணக்கை ஒரு நோட்டில் போட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாளாம். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் அந்தக் காசுக்குக் கைநிறைய மல்லிகைகூட வராது.

இதில் இன்னும் ஒன்று சேர்க்கவில்லை. படிக்கிற இரண்டு வருடமும் இப்போது வாங்கும் 15,000 வராது. 24 மாதத்துக்கு 3,60,000. காமர்ஸ் வகுப்பில் இதை வாய்ப்புச் செலவு என்று சொல்லிக்கொடுப்பார்கள். பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்வி. நிஜத்தில் அது தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸ், வீட்டு மளிகைச் சாமான்.

சம்பளம் 40,000 வந்தால்? கணக்கு அப்படியே மாறும். தவணை போகக் கையில் 12,089 நிற்கும். ஆனால் 120 மாதக் கடனை 11 மாத ஒப்பந்தத்தை நம்பி வாங்குவதில்தான் சிக்கல். பத்து வருடத்தில் அந்த ஒப்பந்தம் பத்துத் தடவை புதுப்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடன்காரர். மகள் மூன்று மாதம் கட்டாவிட்டால் அப்பாவின் சிபில் ஸ்கோரும் சேர்ந்து இறங்கும். அப்பா வருடா வருடம் நகையை வைத்து விவசாயக் கடன் வாங்குகிறவர். அங்கே கை வைத்தால் அந்த வருடத்துச் சாகுபடியே நின்றுவிடும்.

அப்பாவின் கதையையும் சொல்லிவிடவேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. அந்தப் பக்கத்தில் தென்னை வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தேதி பிறந்தநாள் மாதிரி மறக்காது. முப்பது வருட மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. நிவாரணத்தை வைத்து மரத்தை அறுத்து அப்புறப்படுத்தத்தான் முடிந்தது. 2019-ல் மறுபடி கன்று வைத்தார். நாட்டு ரகம், காய்க்க ஆறேழு வருடம் ஆகும். இப்போதுதான் பாளை விடுகிறது. பேங்க்கிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னது இதுதான்: "தென்னங்கன்னு வெச்சா ஆறு வருஷம் ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சுதான் வெக்கிறோம். படிப்பும் அப்படித்தான் ஆத்தா. வாங்கிக்க, பாத்துக்கலாம்."

பாசத்தில் சொன்னது. ஆனால் கன்று வைக்கிறபோது யாரும் மாதாமாதம் தவணை கேட்பதில்லை என்பதை அவளும் சொல்லவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

நடுவில் மாமா வந்தார். பதினைந்து வருடமாக சிங்கப்பூரில் இருப்பவர், வாட்ஸ்அப்பில் உலகத்தையே அளப்பவர். "இங்கன படிச்சு என்னா ஆகப்போவுது? லண்டன் போகச் சொல்லு. ஒரே வருஷம். பவுண்டுல சம்பளம்!"

சரி, அதையும் போட்டுப் பார்த்தாள். கட்டணம், விமானம், ஒரு வருடச் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாள். ஒரு வருடம் படிப்பு, ஒரு வருடம் மாரட்டோரியம். வட்டி சேர்ந்து 36.6 லட்சம். பத்து வருடத்துக்கு மாதத் தவணை 50,417 ரூபாய்! பிரிட்டனில் வேலை கிடைத்தால் கட்டலாம். படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேட இரண்டு வருடம் விசா கொடுக்கிறார்கள். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு அதையும் 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அதற்குள் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், 28,000 சம்பளத்தில் 50,417 தவணை. இதற்கு எந்த காமர்ஸ் புரொபசரும் விடை சொல்ல முடியாது.

30 லட்சத்துக்குச் சொத்து ஜாமீன் வேண்டும். நிலம் இருக்கிறதே என்றார் அப்பா. விவசாய நிலத்தைப் பேங்க்குகள் அவ்வளவாக விரும்புவதில்லை. காரணம் உண்டு. கடன் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குச் செல்லாது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த விதி. அதனால் பேங்க் என்ன கேட்கும்? வீட்டைக் கேட்கும்.

வீடு அப்பாயி பெயரில் இருக்கிறது.

அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. 1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோதுதான் எழுத்துக் கற்றுக்கொண்டார். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம் அது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றதை இன்றைக்கும் பேசுவார்கள். அப்பாயி சைக்கிள் பழகவில்லை, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதோடு சரி. ஆனால் கைநாட்டு வைப்பதை அன்றோடு விட்டுவிட்டார். ரேஷன் கடையில்கூட முழுப்பெயரையும் எழுதித்தான் தருவார்; பின்னால் வரிசை நீளும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்கன கையெழுத்துப் போடணும்?"

அதைக் கேட்ட பிறகு லண்டன் பேச்சை அவள் எடுக்கவில்லை.

வெளிநாட்டிலும் இந்தப் படிப்புக்கு இதே வியாதிதான் என்பது ஆச்சரியம். அமெரிக்காவில் எம்.பி.எச். செலவு மிக அதிகம், வேலை கிடைப்பது பெரும்பாலும் அரசிலும் லாப நோக்கமில்லாத நிறுவனங்களிலும். சம்பளம் குறைவு, கடன் மலை மாதிரி. அதனால் 2007-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடன் தள்ளுபடி. ஊருக்கு உழைத்தாய், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும் என்கிற நியாயம். இப்போது வேறு பக்கத்தில் இறுக்குகிறார்கள். 2025-ல் போட்ட சட்டப்படி, 2026 ஜூலையிலிருந்து முதுகலைப் படிப்புக்கு அரசுக் கடன் மொத்தம் 1 லட்சம் டாலர்தான்; டாக்டர், வக்கீல் மாதிரித் தொழிற்படிப்புக்கு 2 லட்சம் டாலர். 2025 இறுதியில் கல்வித்துறை தயாரித்த தொழிற்படிப்புப் பட்டியலில் பொது சுகாதாரம் இல்லை. கொரோனா வந்து ஐந்தே வருடத்தில்!

இங்கே அந்த 120 மாத நியாயமும் கிடையாது. கேரள அரசு 2017-ல் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த ஒரு உதவித் திட்டம் கொண்டுவந்தது. அது எல்லாப் படிப்புக்கும் பொதுவானது. ஊர்த் தண்ணீரைச் சோதிக்கப் போகிறவருக்கும், கார் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதப் போகிறவருக்கும் பேங்க்கில் ஒரே விண்ணப்பப் படிவம், அநேகமாக ஒரே வட்டி. சாஃப்ட்வேர்காரருக்குக் கம்பெனி கூடுதல் சம்பளம் கொடுத்துவிடும், ஏனென்றால் அவர் வேலையால் கம்பெனிக்குக் காசு வரும். தண்ணீரைச் சோதித்ததால் வாந்தி பேதி வராமல் போன குழந்தையின் வீட்டில் யாராவது பில் கட்டுவார்களா? வராத நோய்க்கு யார் காசு கொடுப்பார்கள்? அதனால்தான் இந்தத் துறைக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அரசும் நன்கொடையும். இரண்டுமே கை இறுக்கமான எஜமானர்கள். அவர்கள் நீ 6 லட்சம் கட்டிப் படித்தாயா 60,000 கட்டிப் படித்தாயா என்று பார்த்துச் சம்பளம் போடுவதில்லை. திட்டத்தில் அந்தப் பதவிக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

இந்த இடத்துக்கு அவள் வந்து சேர ஒரு மாதம் ஆனது. சம்பளம் தன் கையில் இல்லை, ஆனால் எவ்வளவு கடன் வாங்குவது என்பது தன் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தாள், பக்கத்திலேயே இருந்தது!

திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தொற்றுநோயியல், பொது சுகாதாரம் இரண்டும் சேர்த்து எம்.எஸ்ஸி. சொல்லித்தருகிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.எச். உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1997-லிருந்தே நடக்கிறது. எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள். திருவாரூருக்கு அறந்தாங்கியிலிருந்து ரயிலே இருக்கிறது. 2019-ல் அகலப்பாதையாக்கித் திறந்த காரைக்குடி லைன். ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அது பரவாயில்லை.

சிக்கல் என்னவென்றால் நுழைவுத் தேர்வு. இடம் கொஞ்சம், எழுதுகிறவர்கள் நாடு முழுக்க. தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டினால் இடம் உறுதி. இங்கே உறுதி இல்லை. ஒரு வருடம் வீணாகப் போகலாம். வீட்டில் அம்மாவுக்கு இதுதான் கவலை. "ஒரு வருஷம் போனா வயசு என்னா ஆவும்?" என்று அவர் கேட்பது படிப்புக் கணக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்குக்கு நோட்டில் இடம் ஒதுக்கவில்லை. ஆனால் அதுவும் ஒரு கணக்குத்தான். கடனோடு இருக்கிற பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது தவணை எவ்வளவு என்றுதான்.

கடைசியாக ஒரு கணக்கு. அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்து, கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் 1.5 லட்சம் மட்டும் கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 10 சதவீதம். தவணை தொடங்கும்போது 1,87,500. ஐந்தே வருடத்தில் அடைக்க மாதம் 3,984. அதே 28,000 சம்பளத்தில் கூடுதல் 10,000-ல் மிச்சம் 6,016 ரூபாய். ஐந்து வருடம் முடிந்தால் முழுப் பத்தாயிரமும் அவளுடையது. படிப்பு அதேதான், வேலையும் சம்பளமும் அதேதான். 89 ரூபாய் 6,016 ஆகிவிட்டது.

ஒரு வருடம் காத்திருப்பதற்கு அவள் போட்ட விலையும் நோட்டில் இருக்கிறது. காத்திருக்கும் வருடத்தில் நர்ஸ் வேலை ஓடிக்கொண்டிருக்கும், அதனால் சம்பள இழப்பு இல்லை. 28,000 கைக்கு வருவது ஒரு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதற்கு எதிரில் மாதத் தவணையில் மட்டும் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் வித்தியாசம். அம்மாவிடம் இதைக் காட்டினாளாம். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ எழுதுறது எனக்கு என்னா புரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு வயசுப் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் போன வாரம் வந்தது, போனது. அவள் கட்டவில்லை. நைட் டியூட்டி முடித்துவிட்டு விடுதியில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். முதல் தடவையிலேயே கிடைக்காவிட்டால் இன்னொரு தடவை எழுதுவது என்று முடிவு. அதற்கும் கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கு நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறாள்.

மாமா மட்டும் இன்னும் விடவில்லை. வாரம் ஒரு லண்டன் ஏஜென்சி விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது.